கிரனாடாவின் கடைசிச் சுல்தான் – கடிதம்

அன்புள்ள சார்,

வேலை விஷயமாக மாட்ரிட் வந்தவன் இரண்டு நாள் கிரனாடா போய்வந்தேன். அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்துப் பேச்சு வராமல் நின்றேன். மறுநாள் தெற்கே கடற்கரைக்குப் போகும் வழியில் ‘மூரின் பெருமூச்சு’ (மூர் என்றால் ஸ்பெயின் முஸ்லிம்) என்ற கணவாயில் வழிகாட்டி வண்டியை நிறுத்தினார். கிரனாடாவின் கடைசி முஸ்லிம் சுல்தான் போஆப்தில் ஊரைக் கிறிஸ்தவ அரசர்களிடம் பறிகொடுத்துவிட்டுப் போகும்போது இங்கே திரும்பிப் பார்த்து அழுதானாம். “ஆணைப் போலக் காக்கத் தெரியாததற்குப் பெண்ணைப் போல அழு” என்றாளாம் அவன் தாய். கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு கோழையால் 250 ஆண்டு வம்சம் போய்விட்டதே! கலையிலும் சொகுசிலும் மூழ்கியதுதான் காரணமா? ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு இதையெல்லாம் மூலத்தில் படிக்கலாமா என்றும் யோசிக்கிறேன். சுவரெங்கும் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது, படம் இணைத்திருக்கிறேன். அது என்ன?

முத்துக்குமார்

*

அன்புள்ள முத்துக்குமார்,

ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளுங்கள், நல்லது, அதற்கு என் அனுமதி எதற்கு? கலையால் அழிந்தார்களா என்ற கேள்வியை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். நீங்கள் பேச்சற்று நின்ற அந்தச் சிங்க முற்றத்தைக் கட்டியவர் ஐந்தாம் முஹம்மது, போஆப்திலுக்கு நூறு ஆண்டு முந்தியவர். அதைக் கட்டி முடித்த பிறகும் அந்த அரசு ஒரு நூற்றாண்டு நிலைத்துத்தான் இருந்தது. போதும்.

உடம்பு சிலிர்த்தது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். கொஞ்ச நாளாகவே அந்தத் தாயின் வரி என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வீர வசனமாக இதை எனக்கு அனுப்பாத ஆளில்லை.

அந்தத் தாய் அப்படிச் சொன்னதற்கு அன்றைய சாட்சி யாரும் கிடையாது. கதையைப் பிரபலமாக்கியவர் அந்தோனியோ தே கெவாரா என்ற பாதிரியார், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அரசவைப் பிரசங்கி. கிரனாடா கைமாறிய 1492-இல் அவர் சிறுவன். 1526-இல் புதுமாப்பிள்ளையாக கிரனாடா வந்திருந்த சார்லஸுக்குத் தான் இதைச் சொன்னதாகப் பிற்பாடு எழுதி வைத்தார். ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ் எழுதிய கடிதங்கள் என்று கூசாமல் இட்டுக்கட்டி வெளியிட்டவரும் இதே கெவாராதான். ஸோரியா என்ற ஊரின் பள்ளி ஆசிரியர் ஒருவர், பேத்ரோ தே ருவா என்று பெயர், கெவாராவின் வரலாற்றுப் பிழைகளையெல்லாம் வரிசைப்படுத்திக் கடிதமாக எழுதி அனுப்பினார். இந்த வரலாறுகளை நான் பொழுதுபோக்காகத்தான் எடுத்துக்கொள்கிறேன் என்கிற தோரணையில் பதில் போட்டார் பாதிரியார். எனக்கும் சில சமயம் அப்படிப் பதில் எழுதத் தோன்றுவதுண்டு, அது வேறு விஷயம்.

கதையைக் கேட்ட சார்லஸ், நானாக இருந்தால் அல்ஹம்ப்ராவையே என் கல்லறையாக்கிக்கொண்டிருப்பேன் என்றாராம். சொன்னது சார்லஸ் என்றாலும் எழுதியது கெவாரா, அதனால் பாதிதான் நம்பலாம். ஆனால் இதே சார்லஸ் கீல்வாதத்தில் நடக்க முடியாமல், 1556-க்குள் எல்லா முடிகளையும் மகனுக்கும் தம்பிக்கும் கொடுத்துவிட்டு யூஸ்தே மடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தார். அதை யாரும் கோழைத்தனம் என்று சொல்லவில்லை.

சரி, ‘ஒரு கோழையால்’ என்ற சொல்லுக்கு வருவோம். இந்த வம்சத்தைத் தொடங்கிய முதலாம் முஹம்மது என்ன செய்தார் தெரியுமா? 1246-இல் ஹயேன் நகரை வடக்கே இருந்த கிறிஸ்தவ அரசான காஸ்தீலின் அரசரிடம் கொடுத்து, கப்பம் கட்டுகிறேன் என்று அவர் கையை முத்தமிட்டார். அடுத்த வருடம் செவில் நகரை அதே அரசர் முற்றுகையிட்டபோது, உள்ளே இருப்பவர்களும் முஸ்லிம்கள்தான், துணைக்குப் படையோடு போனார். அவருக்குப் பெயர் வம்ச ஸ்தாபகர், ராஜதந்திரி. 1492 ஜனவரி 2 அன்று போஆப்தில் நகர வாசலுக்கு வந்து அரசர், அரசியின் கைகளை முத்தமிட்டதைத் தான் கண்ணால் பார்த்ததாகக் கொலம்பஸ் எழுதியிருக்கிறார். இவருக்குப் பெயர் கோழை. குனிந்தது இரண்டு பேரும்தான். முதல் ஆளுக்குக் குனிந்த பிறகு பிழைத்திருக்க இடம் இருந்தது. காஸ்தீல்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் கிரனாடா மூச்சு விட்டது. 1469-இல் காஸ்தீலின் இசபெல்லாவும் பக்கத்து அரசான அரகோனின் பெர்டினாண்டும் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு காஸ்தீலும் அரகோனும் ஒன்றாக நின்று பீரங்கிகளை இழுத்து வந்தபோது அந்த இடம் இல்லாமல் போனது. மலை உச்சியில் இருக்கிற, கிரனாடா அரசின் ரோண்டா நகரம் 1485-இல் இரண்டே வாரத்தில் விழுந்தது.

போஆப்திலைத் திட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை, தாராளமாகத் திட்டலாம். 1482-இல் அப்பாவைத் துரத்திவிட்டு அரியணை ஏறினார். அடுத்த வருடம் லூசேனா போரில் காஸ்தீல்காரர்களிடம் பிடிபட்டு, பச்சைப் பிள்ளையாக இருந்த மகனைப் பிணையாகக் கொடுத்து, பெர்டினாண்டுக்குக் கட்டுப்பட்டவனாக வெளியே வந்தார். 1487-இல் சித்தப்பா அல்-ஸாகல் எதிரியைத் தடுக்கப் படையோடு வெளியே போன நேரம் பார்த்துத் தலைநகரைக் கைப்பற்றிக்கொண்டார். முற்றுகையில் இருந்த மாலகா துறைமுகத்துக்குப் போன உதவிப் படையையே அவர் ஆட்கள் வழிமறித்ததாகக் காஸ்தீல் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆகஸ்டில் மாலகா விழுந்து, ஊரே அடிமையாக விற்கப்பட்டு, போப்பாண்டவருக்கு நூறு பேர் அன்பளிப்பாகப் போனார்கள். திட்டுவதென்றால் இதற்குத் திட்டுங்கள். கணவாயில் அழுதாரா இல்லையா என்பதையா பிடித்துக்கொண்டு தொங்குவது?

இதை ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்றால், நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் இரும்புக்கடை கைமாறியது. தாத்தா வைத்த கடை. கடனை ஏற்றியது அவர். பெரியப்பா பங்கைப் பிரித்துக்கொண்டு அதே தெருவில் எதிர்க்கடை போட்டார். கடைசியில் கல்லாவில் உட்கார்ந்திருந்தது என் அப்பா. வாங்கியவரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். அப்பா சாவியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கி, திரும்ப ஏறி வந்து, “நடுப்பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும், லேசா மேல தூக்கிப் பிடிச்சுத் திருப்பணும்” என்று அந்த ஆள் கையைப் பிடித்து இரண்டு தடவை திறந்து காட்டினார். வீட்டுக்கு வந்தால் திண்ணையில் அத்தை: “ஆம்பளையா இருந்தா கடையைக் காப்பாத்தியிருப்பான்.” அத்தைக்கும் யாரோ ஒரு கெவாரா கதை சொல்லியிருக்க வேண்டும். அப்பா கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

1491 நவம்பர் 25 அன்று கையெழுத்தான சரணடைவு ஒப்பந்தத்தைத் தேடிப் படித்துப் பாருங்கள் முத்துக்குமார், நீங்கள்தான் ஸ்பானிஷ் கற்கப் போகிறீர்களே. மசூதிகள் அப்படியே இருக்க வேண்டும். முஸ்லிம்களின் வழக்குகளை அவர்களுடைய காஜிகளே அவர்கள் சட்டப்படி தீர்ப்பார்கள். யாரையும் மதம் மாறக் கட்டாயப்படுத்தக் கூடாது. உடையில் அடையாளம் குத்தக் கூடாது. ஆப்பிரிக்காவுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு மூன்று வருடம் இலவசக் கப்பல். மாலகாவுக்கு நடந்ததைத் தெரிந்துவைத்திருந்த ஆட்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேரம் பேசி வாங்கிய வரிகள் இவை. எட்டே வருடத்தில் ஸிஸ்னெரோஸ் என்ற பேராயர் வகையறா வந்து அத்தனையையும் கிழித்துப் போட்டு, அரபுப் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள் என்றால், வாக்குத் தவறியது யார்? அந்தப் பழியையும் சாவி கொடுத்தவர் தலையிலேயே வைப்பதா?

அப்புறம் போஆப்தில் கிரனாடாவுக்குத் தெற்கே அல்புஹாராஸ் மலையில் கொஞ்ச காலம் இருந்தார். மனைவி மொரைமா அங்கேயே இறந்துபோனாள். 1493-இல் கடல் கடந்து மொராக்கோவின் ஃபெஸ் நகருக்குப் போனார். 1618-இல் அவர் வம்சாவளியினர் ஃபெஸ்ஸில் வக்ஃப் தர்மத்தில் காலம் தள்ளியதாக அல்-மக்கரி என்ற அரபு வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். பிணையாக இருந்த அந்த மகன், ஒன்பது வருடம் போல எதிரி கையில் வளர்ந்த பையன், ஊரைக் கொடுத்த பிறகுதான் திரும்பக் கிடைத்தான். அந்தக் கணவாயில் அப்பன் அழுதிருந்தால் பக்கத்தில் அவனும் இருந்திருக்கலாம். இதைப் பற்றி மட்டும் எந்த வழிகாட்டியும் வண்டியை நிறுத்திச் சொல்வதில்லை.

படத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போய்விட்டேன். ‘வ லா ஃகாலிப இல்லல்லாஹ்’ – அல்லாஹ்வைத் தவிர வெல்பவர் யாருமில்லை. முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை அந்த வம்சத்தின் முத்திரை வாசகம் அதுதான். அடுத்த முறை படம் எடுக்கும்போது கொஞ்சம் ஆடாமல் எடுங்கள், பாதி எழுத்து கலங்கித் தெரிகிறது.

அன்புடன்.