கப்பலில் மகனுக்குப் பகிடிவதை: கையொப்பத்துக்குப் பயந்து பொறுத்துக்கொள்வதா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். இருபது வயது மகன் சரக்குக் கப்பலொன்றில் டெக் கடெட்டாக, அதாவது ஒஃபிசராகப் பயிற்சி பெறுபவராக, ஏறி நாலு மாதம். செகண்ட் ஒஃபிசரின் உடுப்பைத் தோய்க்க விடுகிறார்களாம். வேலை முடிந்த பிறகும் விடிய விடிய பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், நிற்க வைக்கிறார்களாம். ஒருநாள் கன்னத்தில் அறையும் விழுந்திருக்கிறது. "வாய் திறந்தால் ட்ரெய்னிங் புக்கில் கையொப்பம் வைக்கமாட்டேன்" என்று மிரட்டல் வேறு. மகனோ, "ஒருத்தருக்கும் சொல்லாதீங்கம்மா" என்கிறார். என்ன செய்வது?

அம்மா, நானும் கடெட்டாக இருந்து வந்தவன்தான். துருச் சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் சரக்கறை கழுவுவதும் கடெட்டின் வேலை. முதுகு முறியும், ஆனால் அது தொழில் படிப்பது. இன்னொருவரின் உள்ளுடுப்பைத் தோய்ப்பதில் படிக்க ஒன்றுமில்லை. கை நீட்டுவது எந்தக் கப்பலிலும் தப்பு. "நாங்களும் இப்படித்தான் வந்தோம்" என்பார்கள். என் முதல் கப்பலிலும் சொன்னார்கள். மூன்று இரவு நித்திரையில்லாமல் நின்றுவிட்டு, நாலாம் நாள் துறைமுகத்தில் கப்பலைக் கயிற்றால் கட்டும்போது எனக்குக் கண் சொக்கிவிட்டது. டெக் ஊழியர்களின் தலைவரான போசன் என் கொலரைப் பிடித்து இழுத்தார். அடுத்த நொடி, இறுகி நின்ற கயிறு அறுந்து நான் நின்ற இடத்தில் அடித்தது. அதனால்தான் சொல்கிறேன்: அறையைவிட, நித்திரையைப் பறிப்பதற்கே நான் அதிகம் பயப்படுகிறேன்.

2013 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின்படி 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலம் ஓய்வு வேண்டும். அதில் ஒருமுறையாவது தொடர்ந்து 6 மணித்தியாலம் கிடைக்க வேண்டும். ஏழு நாளில் 77. ஓய்வு நேரத் தாளை நீட்டிக் கையொப்பம் கேட்கும்போதுதான் பிள்ளைகள் தவறிவிடுகிறார்கள். பிரிட்ஜில் நின்ற இரவுக்கும் 'ஓய்வு' என்று கட்டம் நிரப்பியிருப்பார்கள். அதற்குக் கீழே ஒப்பமிட்டால், பிறகு அந்தத் தாளையே காட்டி வாயை அடைப்பார்கள். பொய்யான தாளில் கையொப்பம் வைக்கவேண்டாம் என்று மகனுக்குச் சொல்லுங்கள். பிரதி கேட்பது அவருடைய உரிமை. உண்மையான நேரம், யார் என்ன சொன்னார், பக்கத்தில் யார் நின்றார் என்பதைத் திகதியோடு தன் கொப்பியில் அன்றன்றே எழுதட்டும்.

இனி அந்தக் கையொப்பம். கடெட்டின் பயிற்சியைப் பதியும் அந்த ட்ரெய்னிங் புக் செகண்ட் ஒஃபிசரின் சொத்தல்ல. கப்டனும் கம்பனியின் பயிற்சிப் பொறுப்பாளரும் அதைப் பார்க்க வேண்டும். கடற்சேவைச் சான்றிதழும் அவர் கையிலில்லை. மிரட்டலையும் கொப்பியில் எழுதிவிட்டால், கையொப்பம் வராதபோது அதுவே சாட்சியாகும்.

வேலை ஒப்பந்தத்தோடு முறைப்பாட்டு நடைமுறையின் பிரதியொன்றும் மகனுக்குக் கொடுத்திருக்க வேண்டும். கப்பலுக்குள் இரகசியமாக ஆலோசனை கேட்கக்கூடியவரின் பெயர் அதில் இருக்கும். நேரே கப்டனிடமும் போகலாம். கப்டனே அவர்கள் பக்கம் என்றால், கம்பனியின் டிபிஏ, அதாவது கரையிலிருக்கும் பாதுகாப்புப் பொறுப்பாளர், இருக்கிறார்; அவர் பெயரும் இலக்கமும் வழக்கமாக மெஸ் ரூம் சுவரில் ஒட்டியிருக்கும். துறைமுகத்தில் கப்பலைப் பரிசோதிக்க வரும் அதிகாரியிடமும் சொல்லலாம். சொன்னவர் யாரென்று அவர் வெளியே விடக்கூடாது. முறைப்பாடு செய்ததற்காகப் பழிவாங்குவதும் தடை. சீஃபெயரர்ஹெல்ப் என்ற இலவச உதவிச் சேவை 24 மணித்தியாலமும் உண்டு.

நம் நாட்டின் 1998 ஆம் ஆண்டுப் பகிடிவதைத் தடைச் சட்டம் கல்வி நிலையங்களுக்கானது. கப்பலிலோ அது பறக்கவிடும் கொடியின் நாட்டுச் சட்டம்தான். ஆனாலும் கொழும்பில் உங்களுக்கும் வேலையிருக்கிறது. மகனை அனுப்பிய ஏஜென்சிக்கு எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அசையாவிட்டால் வணிகக் கப்பற்றுறைச் செயலகத்துக்குப் போங்கள். எல்லாமே மகனின் சம்மதத்தோடு. அவர் அறியாமல் கப்பலுக்கு அழைப்பெடுத்தால், அன்றிரவு அந்தச் சூட்டைத் தாங்கப்போவது அவர்தான்.

ஒன்றுக்கு மட்டும் யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டாம். தண்டனையாகத் தாங்கிக்குள்ளோ மூடிய சரக்கறைக்குள்ளோ இறங்கச் சொன்னால் மறுக்கட்டும். நிலக்கரியும் மரக்கட்டைகளும் ஒக்சிசனைத் தின்றுவிடும். காற்றை அளந்து பார்க்காமல் இறங்கியவர்கள் இரண்டு மூச்சில் விழுந்து இறந்திருக்கிறார்கள். அப்படிச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டால் உடனே டிபிஏக்கு அழையுங்கள்.

அடுத்தமுறை மகன் பேசும்போது மூன்று விடயம் கேட்டு எழுதி வையுங்கள்: டிபிஏயின் இலக்கம், கப்பலின் கொடி நாடு, அடுத்த துறைமுகமும் சேரும் நாளும்.