பெயர் அழிந்த பாத்திரம்

அன்புள்ள அம்மா,

அலபாமாவின் தெற்குப் பகுதியில் ஒரு சின்ன ஊரில் மூன்று வருடமாக இருக்கிறோம். கணவருக்கு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. இங்கே யாரைப் பார்த்தாலும் பெயர் கேட்டதும் அடுத்த கேள்வி, ‘எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள்?’ என்பதுதான். ஏப்ரலில் என் மாமியார் மதுரையில் தவறிவிட்டார்கள். என் கணவர் மட்டும் கிளம்பிப் போனார். நானும் இரண்டு குழந்தைகளும் இங்கே. எப்படித் தெரிந்ததோ, மறுநாளிலிருந்து பத்து நாள் அக்கம்பக்கத்தார் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் கோழி. நாங்கள் சைவம். சொல்லச் சங்கடமாக இருந்தது. வாங்கிக்கொண்டு, அவர்கள் போனதும் குப்பையில் போட்டேன். பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்றில் மட்டும் பெயர் எழுதிய டேப் கழுவும்போது போய்விட்டது. அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இப்போது என் ஏழு வயது மகளை வி.பி.எஸ்.ஸுக்கு, அதாவது சர்ச்சில் நடக்கும் விடுமுறை வேதாகம வகுப்புக்கு, அனுப்பச் சொல்கிறார்கள். போன வருடம் ஒரு நாள் போய்வந்தவள், ராத்திரி சாப்பிடும் முன் கண்ணை மூடி இயேசுவுக்கு நன்றி சொன்னாள். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. இவர்களுடைய அன்புக்குப் பின்னால் மதம் மாற்றும் எண்ணம் இருக்கிறதா? எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது?

ச.

அன்புள்ள ச,

உன்னை ‘நீ’ என்றே எழுதுகிறேன். என் மகளைவிடச் சின்னவளாகத்தான் இருப்பாய்.

வி.பி.எஸ். விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி. ஐந்து நாள் பாட்டுப் பாடுவாள், காகிதத்தில் நோவாவின் பேழை செய்வாள், பிஸ்கட் தின்பாள். திருநெல்வேலிச் சீமையில் பாதிப் பேர் மே மாத லீவில் அப்படிப் போய்வந்தவர்கள்தான். சாப்பிடும் முன் பிள்ளை நன்றி சொன்னதற்கு உன் வீட்டுக்காரருக்குக் கோபம் என்கிறாய். சோற்றுப் பருக்கை காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள் என்று சொல்லித்தானே அவரையும் வளர்த்திருப்பார்கள்? நாம் சொல்லிக்கொடுக்காததை அவள் வெளியே கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். வேண்டுமானால் நம் வழியில் ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள். மதம் மாற்றும் எண்ணம் சிலரிடம் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். உன் சம்மதம் இல்லாமல் உன்னை யாரும் எங்கேயும் கொண்டுபோக முடியாது.

அந்தப் பாத்திரத்தைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2016 அக்டோபரில் நானும் என் வீட்டுக்காரரும் மகள் வீட்டில் இருந்தோம். ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கில் அமெரிக்கஸ் என்று ஓர் ஊர். ஊரின் பெயரே அதுதான். பதினாறாயிரம் பேர் போல இருப்பார்கள். சுற்றிலும் வேர்க்கடலையும் பருத்தியும், வீட்டுக்கு வீடு பெக்கான் என்ற பருப்பு மரமும். மகளுக்கு அங்கே கல்லூரியில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அட்லாண்டாவிலிருந்து குருக்கள் ஒருவர் வருவதற்கே இரண்டரை மணி நேரம் காரோட்ட வேண்டிய ஊர். உறவு என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் பாத்திரம் வந்தது.

நம் ஊரில் கேசரோல் என்றால் சப்பாத்தி வைக்கும் ஹாட்பாக்ஸ். அங்கே அது ஒரு பதார்த்தம். காயோ கறியோ சீஸும் கிரீமும் சேர்த்து, நீளமான கண்ணாடித் தட்டில் பரப்பி, ஓவனில் வைத்து எடுப்பது. மேலே அலுமினியத் தாள். தாளின் மேல் பேனாவால் ‘350, 30 நிமிடம்’ என்று எழுதியிருந்தது. தூக்கிப் பார்த்தால், அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதில் நீல மையில் ஒரு பெயர். எத்தனையோ சாவு வீடுகளுக்குப் போய்வந்த தட்டு அது. டேப்பின் ஓரமெல்லாம் பழுப்பேறி, எழுத்தின் மேலேயே மறுபடி மறுபடி எழுதியிருந்தது.

கொண்டுவந்தவள் அடுத்த வீட்டுக்காரி. எழுபது வயது. வந்தவள் உட்காரவில்லை. பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள், எந்த நாள் யார் முறை என்று. மகள் அந்த நிலையிலும் சொல்லிவிட்டாள், நாங்கள் கறி, முட்டை சாப்பிட மாட்டோம் என்று. கிழவிக்கு அது பிடிபடவே ஒரு நிமிடம் ஆனது. அந்தப் பக்கத்தில் பீன்ஸைக்கூடப் பன்றித் துண்டு போட்டுத்தான் வேகவைப்பார்கள். பிறகு தன் தட்டை அவளே திரும்ப எடுத்துக்கொண்டாள். பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் அங்கேயே நின்று போன் செய்தாள். மறுநாள் மக்ரோனியும் பூசணி மாதிரி ஒரு காயும் வந்தன. அலுமினியத் தாளில் இந்த முறை ‘கறி இல்லை, முட்டை இல்லை’ என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது.

பார்த்தாயா? ஒரு வார்த்தை. அதைச் சொல்லச் சங்கடப்பட்டுப் பத்து நாள் சோற்றைக் குப்பையில் போட்டிருக்கிறாய். நீ சாப்பிடாததைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் சாப்பிட்டிருக்க மாட்டேன். ‘நாங்கள் கறி சாப்பிடுவதில்லை’ என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு உன்னைத் தெரிந்திருக்கும். மூன்று வருடம் ஒரே தெருவில் இருந்தும் நீ என்ன சாப்பிடுவாய் என்பது ஒருவருக்கும் தெரியவில்லையே! அதை அவர்கள் தலையில் கட்டுகிறாயா?

மூன்றாம் நாள் அந்தக் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் செய்தாள், கவனி. நான் தலையாட்டினேன். அந்தத் தெற்கத்தி இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியவில்லை. நடுவில் என் வீட்டுக்காரர் பெயரைத் தப்பாகச் சொன்னாள். சொன்னது தப்பு என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும், ஜெபத்தை நிறுத்தினாள். கண்ணைத் திறந்து என் மகளிடம் கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்து, மறுபடி கண்ணை மூடிச் சரியாகச் சொன்னாள். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அப்போதுதான் வந்தது.

அழும்போது ஒரு தூக்குவாளி நினைவுக்கு வந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

1962. அம்பாசமுத்திரத்தில் எங்கள் தாத்தா இறந்துபோனார். சாவு விழுந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. காப்பியும் இட்லியும் சொந்தக்காரர் வீடுகளிலிருந்து வரும். பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். எனக்கு நாலாம் வகுப்பு எடுத்தவரும் அவர்தான். மத்தியானம் ஒரு பித்தளைத் தூக்குவாளி நிறையச் சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். ஆச்சி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். “எதுக்கு டீச்சர் இந்தச் சிரமம்” என்றாள். அவர் போனதும் புறவாசலுக்குப் போய் வாழை மூட்டில் கவிழ்த்தாள். ஆவி பறந்தது. சுக்கு வாசனை வீடு முழுக்க. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். டீச்சர் தன் வீட்டுக் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் வாளியைத் திருப்பிக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். டீச்சர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். நம் வீடுகளில் பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. ஒரு பிடி அரிசியோ நாலு பழமோ, ஒன்றுமில்லையென்றால் கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். சாவு வீடு, அதனால் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவர் மூடியைப் போட்டுவிட்டு, “நல்லாத் தேய்ச்சிருக்கீங்க” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. வகுப்பில் என்னை எப்போதும்போலத்தான் நடத்தினார். அதற்கப்புறம் அவர் வீட்டிலிருந்து சமைத்த பண்டம் எதுவும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் மட்டும் வரும். உரித்துத் தின்கிற பழத்துக்குத் தீட்டில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

உன் கடிதத்தில் ‘குப்பையில் போட்டேன்’ என்ற இடம் வந்ததும் எனக்குச் சுக்கு வாசனை அடித்தது. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாமிரபரணியைத் தாண்டி அவள் அதிக தூரம் போனதில்லை. நீ கடல் தாண்டிப் போய் அதையே செய்திருக்கிறாய், அம்மா. கோழி என்பதால்தான் போட்டேன் என்பாய். பத்து நாளும் கோழிதானா? ‘பெரும்பாலும்’ என்று நீயே எழுதியிருக்கிறாய். மிச்சத்தைத் திறந்து பார்த்தாயா?

அவர்களைப் புண்ணியாத்மாக்கள் ஆக்குகிறேன் என்று நினைக்காதே. அமெரிக்கஸுக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் கொய்னோனியா என்று ஒரு பண்ணை இருக்கிறது. 1942-இல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற பாப்டிஸ்ட் போதகரும் நண்பர்களும் தொடங்கியது. கொய்னோனியா கிரேக்கச் சொல். தமிழ் பைபிளில் அதை ‘அந்நியோந்நியம்’ என்று போட்டிருப்பார்கள். அங்கே கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வேலை செய்தார்கள். சேர்ந்து வேலை செய்ததைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும்; ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 1950-இல் பக்கத்து சர்ச் அவர்களை விலக்கிவைத்தது. 1956-இலிருந்து ஊரே தள்ளிவைத்தது. விதை விற்க மாட்டார்கள், உரம் விற்க மாட்டார்கள். சாலையோரக் கடைக்குக் குண்டு வைத்தார்கள், ராத்திரியில் வீடுகளின் மேல் சுட்டார்கள். உள்ளூரில் விற்க முடியாமல் பெக்கான் பருப்பைத் தபாலில் வெளியூர்களுக்கு அனுப்பி அந்தப் பண்ணை பிழைத்தது. தள்ளிவைத்தவர்கள் யார்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போனவர்கள். சாவு வீட்டுக்குக் கண்ணாடித் தட்டு எடுத்துப் போனவர்களும் அவர்கள்தான்.

பண்ணையைப் பார்த்துவிட்டு வந்த அன்று அந்தக் கிழவியிடம் கேட்டேன், உங்கள் அம்மா காலத்தில் கறுப்பர் வீட்டுச் சாவுக்கும் இப்படிக் கொண்டுபோவார்களா என்று. 1956-இல் அவளுக்குப் பத்து வயது. கையில் இருந்த பெக்கானை உடைக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம், “தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அம்மா போனதில்லை” என்றாள். எனக்காக அவள் எழுதி ஒட்டிய பட்டியலில் ஆறாம் நாளுக்குரியவள் மகளோடு வேலை பார்க்கும் கறுப்பினப் பெண். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்தவள். அந்தப் பெயரைக் கிழவி தன் கையால்தான் எழுதியிருந்தாள்.

பத்து மைல் மேற்கே பிளெய்ன்ஸ். ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரின் ஊர். 1965-இல் அவர் ஊர் சர்ச்சில் கறுப்பரை உள்ளே விடக்கூடாது என்று தீர்மானம் வந்தபோது அவரும் குடும்பத்தாரும் எதிர்த்து நின்றார்கள், தோற்றார்கள். 1976-இல் அவர் நின்ற ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு கறுப்பினப் போதகர் உறுப்பினராகச் சேர வந்து நின்றார். அன்றைய ஆராதனையையே ரத்து செய்தார்கள். அந்தச் சண்டையில் சபை உடைந்து, பிரிந்தவர்கள் கட்டியது மாரநாதா சர்ச். 2017 மார்ச்சில் மகள் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். தொண்ணூறு தாண்டிய கார்ட்டர் ஞாயிறு வகுப்பு எடுத்தார். யார் எங்கிருந்து வந்திருக்கிறோம் என்று வரிசையாகக் கேட்டார். காணிக்கைத் தட்டு என் கைக்கு வந்தது. அவரே கடைந்த மரத்தட்டு. வழவழவென்று, கனமாக, நாலு வயதுப் பிள்ளைக்கும் பிடிக்கத் தோதாக விளிம்பு வைத்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே வைத்துக்கொண்டிருந்தேன்.

நம் பக்கத்தில் நடக்காததா? வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக, கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரித்தே கிறிஸ்தவக் கோவில் கட்டினார்கள். எங்கள் தெருவில் இடுப்பளவுச் சுவர் போதுமாக இருந்தது.

நீ கேட்ட கேள்வியை எங்கேயோ விட்டுவிட்டேன். பரவாயில்லை.

அந்தப் பாத்திரத்தை எடு. உங்கள் ஊரிலும் பெரும்பாலும் புதன்கிழமை சாயங்காலம் சர்ச்சில் சாப்பாடு இருக்கும், தெருவே அங்கேதான் இருக்கும். மகளையும் கூட்டிக்கொண்டு போ. இது யாருடையது என்று கேள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேள். கறி சாப்பிடுவதில்லை என்பதையும், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே சொல்லிவிடு. எறிந்ததைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் மனசு.

வெறும் பாத்திரமாகக் கொண்டுபோகாதே. பதினாறு முடிந்தபின் நான் அந்தத் தட்டுகளில் தேங்காய்ச் சாதம் வைத்துக் கொடுத்தேன். அந்த ஊர்க்காரர்களுக்குச் சோறு பிடிக்கும். மிளகாயைக் கிள்ளிப் போடாதே, முழுசாகப் போட்டுத் தாளித்து எடுத்துவிடு. கறிவேப்பிலையைத் தின்னலாமா ஒதுக்கலாமா என்று கேட்பார்கள், சொல். முந்திரிக்குப் பதில் உங்கள் பக்கத்து வேர்க்கடலையே போடலாம், ருசியாக இருக்கும். யாருக்காவது கடலை ஒத்துக்கொள்ளாதா என்று மட்டும் முதலில் கேட்டுவிடு.