கூலன்ட் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை!

கேள்வி: 12 வருடப் பழைய டீசல் பிக்கப், காய்கறி லோடு ஓட்டுகிறேன். இரண்டு நாளைக்கு அரை லிட்டர் கூலன்ட் குறைகிறது. வண்டிக்கு அடியில் ஈரமே இல்லை. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தரை காய்ந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சூடான இன்ஜின் மேல் கசிவது கீழே விழுமுன் ஆவியாகிவிடும்; தடம் மட்டும் மிஞ்சும். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போல் படிந்திருக்கும். ஃபேன் காற்று கூலன்ட்டைப் பின்னால் அடிக்கும் என்பதால், தடத்துக்கு மேலேயும் முன்னேயும் தேடுங்கள்.

அதற்கும் முன் ரேடியேட்டர் மூடி. அதன் மேல் 0.9 அல்லது 13 என்று இருந்தால் முன்னது பார் (bar) கணக்கு, பின்னது பி.எஸ்.ஐ. கணக்கு; இரண்டும் ஒரே அழுத்தம்தான். ஸ்பிரிங் தளர்ந்தால் கூலன்ட் ரிசர்வ் டேங்குக்குப் போய் அங்கிருந்து வழியில் கொட்டிவிடும். டேங்க் நிறைந்தும் ரேடியேட்டர் குறைந்தும் இருக்கிறதா? மூடியின் அடியில் நடுவிலிருக்கும் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது டேங்குக்குப் போகும் மெல்லிய டியூப் வெடித்திருக்கும். சூட்டில் வெளியே போனது, ஆறிய பிறகு திரும்பி வராது. சில நூறு ரூபாயில் முடிகிற வேலைக்கு ரேடியேட்டரைக் கழற்றுகிறவர்கள் உண்டு.

மூடி சரியென்றால் பிரஷர் டெஸ்டர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். ஆறிய இன்ஜினில், மூடிக்குப் பதில் டெஸ்டரைப் பூட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம்வரை மட்டும் பம்ப் அடித்து 15 நிமிடம் விட வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. ஹோஸ் முனைகள், ரேடியேட்டரில் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பு, இன்ஜினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஹீட்டர் ஹோஸ்கள், பிளாக்கின் பக்கவாட்டில் துளைகளை அடைத்திருக்கும் தகட்டு மூடிகளான கோர் பிளக்குகள் எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் கோர் பிளக் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டையாகும்.

வாட்டர் பம்பின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் போனதைக் காட்டவே அதை வைத்திருக்கிறார்கள். காய்ந்த கறை மட்டும் என்றால் கவனித்து வாருங்கள். சொட்டினால் பம்பை மாற்றத்தான் வேண்டும். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய்விடும்.

கெட்டிப்பட்ட பழைய ஹோஸ், குளிரில் சுருங்கும்போது மட்டும் கசியும். வேறு சில கசிவுகள் சூட்டில்தான் திறக்கும். அதனால் இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது இன்னொரு முறை சோதியுங்கள். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பிடிக்க முடிகிற அளவுக்குச் சூடு இறங்காமல் மூடியில் கை வைக்காதீர்கள்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் கசிவு உள்ளே. கேபினில் இனிப்பு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம், டேஷ்போர்டின் அடியில் ஈரம் இருந்தால், கசிவது கேபினைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோர். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, ரேடியேட்டர் வாயில் குமிழி நிற்காமல் வந்தாலோ இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஆயில் பால் கலந்தது போல் மாறியிருந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டவே வேண்டாம். ஆனால் ஆயில் சுத்தமாக இருப்பதால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இன்ஜினுக்குள் திரும்ப அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலர் உள்ள வண்டியில் அதுவும் கசிந்து, வெள்ளைப் புகையாகப் போகும்.

கேள்வி: கசிவை நிறுத்த மஞ்சள் தூள் போடலாமா?
– வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: நடுவழியில் நின்றால், வீடு வந்து சேரப் போடலாம். அப்படியே விட்டால் ஓட்டையை அடைத்த தூளே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டர் கோரையும் அடைக்கும். கடையில் விற்கும் லீக் ஸ்டாப்பும் இதே கதைதான்.

கேள்வி: கூலன்ட்டில் போர் தண்ணீர் கலக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கூடாது, உப்பு படியும். கான்சென்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டருடன் சரிபாதி: மொத்தம் 8 லிட்டர் பிடிக்குமென்றால் 4, 4. ரெடிமிக்ஸில் தண்ணீர் சேர்க்கவே வேண்டாம். நிரப்பும்போது வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஐடிலில் ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை ஊற்றுங்கள். இறக்கிய பழைய கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும். கொஞ்சம் போனாலே உயிர் போய்விடும்.