பிரண்டை ஏன் அரிக்கிறது, மஞ்சள் மாத்திரை வேண்டுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பிரண்டைத் துவையல் எப்போது செய்தாலும் நாக்கும் தொண்டையும் அரிக்கிறது. நன்றாக வதக்கித்தான் அரைக்கிறேன். அப்புறம், இதைச் சாப்பிட்டால் உடைந்த எலும்பு கூடும் என்கிறார்களே, உண்மையா? (வாசகி, விருதுநகர்)

வதக்கினால் மட்டும் போதாது, புளியும் சேர வேண்டும். பிரண்டையில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது, நாக்கில் குத்துவது அதுதான். சேனையும் சேப்பங்கிழங்கும் அரிப்பதும் இதனால்தான், அவற்றையும் நம் வீடுகளில் புளி விட்டுத்தானே சமைக்கிறோம். முதலில் தண்டைப் பார்த்து வாங்குங்கள். நகத்தால் கிள்ளினால் பட்டென்று ஒடிய வேண்டும், முற்றியதை என்ன செய்தாலும் நார் நாராகத்தான் வரும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுக்களை வெட்டித் தள்ளிவிட்டு, ஓரங்களில் இருக்கும் நாரை உரித்து, பொடியாக நறுக்கி, எண்ணெயைத் தாராளமாக விட்டு, பச்சை நிறம் போய்ப் பழுப்பாகி நன்றாகச் சுருங்கும்வரை வதக்குங்கள். லேசாக நிறம் மாறியதுமே இறக்கிவிட்டால் அரிப்பு மிச்சமிருக்கும். உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் வறுத்துச் சேர்த்து, நெல்லிக்காய் அளவு புளியும் உப்பும் வைத்து அரையுங்கள். தேங்காய் உங்கள் விருப்பம்.

எலும்பு விஷயம்: பிரண்டையில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, சித்த மருத்துவத்தில் எலும்புக்காகக் காலங்காலமாகக் கொடுத்துவருகிறார்கள், எல்லாம் சரி. ஆனால் விழுந்து அடிபட்டு வீங்கியிருக்கும்போது எக்ஸ்ரே எடுக்காமல் துவையலை நம்பி உட்காரக் கூடாது, எலும்பு கோணலாகக் கூடிவிட்டால் அப்புறம் சரிசெய்வது பெரும்பாடு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் பிரண்டையைக் குறைத்துக்கொள்வது நல்லது, பெரும்பாலான கற்கள் இதே கால்சியம் ஆக்சலேட்தான்.

கேள்வி: சமையலில் போடும் மஞ்சள் உடம்பில் சேராது, மஞ்சளிலிருந்து பிரித்தெடுக்கும் குர்குமின் மாத்திரைதான் சாப்பிட வேண்டும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

மஞ்சள் விளையும் ஊரிலிருந்தே இப்படிக் கேட்க வைத்துவிட்டார்களே என்று வருத்தமாக இருக்கிறது. குர்குமின் தனியாக உள்ளே போனால் ரத்தத்தில் அதிகம் ஏறாது என்பது உண்மைதான். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் இதைச் சோதித்தார்கள்: 2 கிராம் குர்குமினோடு மிளகில் இருக்கும் பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, ரத்தத்தில் ஏறிய அளவு ஏறக்குறைய 20 மடங்கு கூடியது. இந்த 20 மடங்கைத்தான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். ஆனால் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அப்படியென்றால் 2 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் தூள் வேண்டும், எந்தக் குழம்பிலும் அவ்வளவு போடுவதில்லை. உணவு வேறு, அந்த மாத்திரை வேறு.

குழம்பிலும் ரசத்திலும் பாலிலும் போடும் மஞ்சளைப் பயமில்லாமல் சாப்பிடுங்கள். குர்குமின் கொழுப்பில் கரைவது, எனவே எண்ணெயில் தாளித்தும் மிளகு சேர்த்தும் நாம் சமைக்கும் முறையே அதற்குப் பொருத்தமானது. மாத்திரை அப்படியல்ல. அதிக அளவில் எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது, இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசு அமைப்புகளே எச்சரித்திருக்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை. தினமும் காலையில் ஊறவைத்த வெந்தயம் ஒரு ஸ்பூன் சாப்பிடுகிறார். இனி மாத்திரை வேண்டாம் என்கிறார். (வாசகி, தஞ்சாவூர்)

மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழப்பாக ஒன்று வருகிறதே, அந்த நார்ச்சத்து குடலில் கூழ்போல் நின்று சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது, அதனால் பலன் உண்டு. ஆனால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுகளில் கொடுத்தது தினம் 25 கிராமிலிருந்து 100 கிராம் வரை. அப்பா சாப்பிடும் ஒரு ஸ்பூன் 4, 5 கிராம்தான் இருக்கும். அது மாத்திரைக்குத் துணை, மாற்று இல்லை. வெந்தய தோசை, வெந்தயக் கீரை சாம்பார் என்று சாப்பாட்டிலும் சேருங்கள், டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். மாத்திரையும் வெந்தயமும் சேர்ந்து சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரை தினமும் சாப்பிட்டும் ஏறவில்லையே? (வாசகி, திண்டுக்கல்)

சாப்பிட்டவுடன் காபி, டீ குடிக்கிறீர்களா? அப்படியென்றால் அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், கீரையில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் அது தடுக்கிறது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். பொரியலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், கொதிக்கும்போது விட்டால் வைட்டமின் சி வீணாகும். ஹீமோகுளோபின் மிகவும் குறைவாக இருந்தால் கீரை மட்டும் போதாது, டாக்டர் தரும் இரும்பு மாத்திரையைத் தயங்காமல் சாப்பிடுங்கள். மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும், பல பெண்கள் இதைச் சொல்லாமலே காலம் தள்ளுகிறார்கள்.

கேள்வி: மகளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. பெருங்காயம் போடலாமா? (வாசகர், மதுரை)

பெருங்காயம் என்பது செடியின் வேரிலிருந்து வடியும் பிசின், ஆப்கானிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளிலிருந்துதான் நமக்கு வருகிறது. நம் நாட்டில் இமாச்சலின் லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020இல்தான் பயிரிடத் தொடங்கினார்கள். பிசின் கடுமையான நெடி என்பதால் கடையில் விற்கும் தூளில் மாவு கலக்கிறார்கள், பல தயாரிப்புகளில் அது மைதாவோ கோதுமையோதான், கட்டியிலும் இருக்கலாம். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து, அரிசி மாவு கலந்ததாகவும் கோதுமை இல்லை என்று அச்சிட்டதாகவும் பார்த்து வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் பூண்டும் சீரகமும் தாளித்தால் போதும்.