மூவாயிரம் ரூபாய்க்குள்ள ஆம்பளைங்களுக்கு மரம், மசாலா வாசனையோட நல்ல சென்ட் எது?

பென்ட்லி ஃபார் மென் இன்டென்ஸ். கார் கம்பெனி பேர்ல சென்ட்டா, சும்மா ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறானுங்கன்னு நானும் முதல்ல சிரிச்சவன்தான். இப்ப ரெண்டாவது பாட்டில் ஓடுது.

எனக்கு இந்த மசாலா வாசனைப் பைத்தியம் அப்பாகிட்ட இருந்து வந்தது. அவர் ஷேவ் பண்ணி முடிச்சதும் ஓல்ட் ஸ்பைஸ உள்ளங்கைல ஊத்தி கன்னத்துல தட்டுவார், எரியும்போது ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் வரும், அப்புறம் வீடு பூரா கிராம்பும் பட்டையும்தான். 1938ல அமெரிக்கால ஆம்பளைங்களுக்குன்னு வந்தது அது, இன்னைக்கும் அந்த விலைக்கு அந்த வாசனைய அடிச்சிக்க ஆள் இல்ல. ஆனா ஆஃப்டர்ஷேவ் ஆஃப்டர்ஷேவ்தான், ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள காணாமப் போயிடும். அதே வாசனை சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்னு தேடினப்பதான் பென்ட்லி மாட்டுச்சு.

2013ல வந்தது, நத்தலி லோர்சோன்னு ஒரு பிரெஞ்சு அம்மா பண்ணினது. அடிச்ச உடனே மிளகு, பிரிஞ்சி இலை மாதிரி ஒரு காரம், அதோட ரம். பிரியாணிக் கடை வாசம் வந்துடுமோன்னு பயப்படாதீங்க, பத்து பதினஞ்சு நிமிஷத்துல அந்தக் காரம் அடங்கி பட்டை மேல வரும், அதுக்கப்புறம் லெதர், தேவதாரு மரம், சாம்பிராணின்னு மெதுவா கீழ இறங்கும். எனக்குப் பிடிச்சதே அந்தக் கடைசி கட்டம்தான். மறுநாள் துவைக்கப் போட்ட சட்டைய எடுத்து மோந்து பாத்துட்டு "ஏங்க, நேத்து கோயிலுக்குப் போனீங்களா"ன்னு வீட்ல கேட்டாங்க.

ஒரே ஒரு விஷயம், நம்ம வெயிலுக்கு இது கொஞ்சம் கனம். நான் சென்னைல ஜூன் மாசம் புதுசு வாங்கின ஜோர்ல நாலு தடவை அடிச்சிட்டு ஆபீஸ் லிஃப்ட்ல ஏறினேன், மூணாவது மாடி வர்றதுக்குள்ள ஒருத்தர் தும்ம ஆரம்பிச்சிட்டார், இன்னொருத்தர் என்னைப் பாக்காமலே "யாருப்பா தூபம் போட்டது"ன்னார். இப்பல்லாம் பகல்ல ஒண்ணு, அதுவும் சட்டைக்கு உள்ள நெஞ்சுல. ராத்திரி கல்யாண ரிசப்ஷன், ஏசி ஹால்னா ரெண்டு. மார்கழில இன்னும் ஒண்ணு சேத்துக்கலாம், தப்பில்ல.

வெயில்லயும் போடற மாதிரி வேணும், மசாலா கம்மியா இருந்தாலும் பரவால்லன்னா லாலிக் ஆங்கர் நுவார் பாருங்க. 2006ல அதே அம்மா பண்ணினதுதான், கறுப்பு சதுர பாட்டில், விலையும் கிட்டத்தட்ட இதே ரேஞ்ச். முழுக்க முழுக்க வெட்டிவேர். அந்தப் பிரெஞ்சுக்காரங்க சொல்ற 'வெட்டிவேர்' நம்ம தமிழ்ல இருந்து போன வார்த்தை, அத அவங்க நமக்கே திருப்பி விக்கிறாங்க, நாமளும் வாங்குறோம். ஆனா பானைத் தண்ணில போடுவோமே அந்தக் குளுமைய எதிர்பாக்காதீங்க, இது மழை பெஞ்ச காட்டுக்குள்ள இருட்டுல நிக்கிற மாதிரி இருக்கும். சில பேருக்கு சோகமா இருக்குமாம், எனக்கு அப்படி இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடி முழு பாட்டிலுக்குப் போகாம 5 மில்லியோ 10 மில்லியோ டீகான்ட் (பெரிய பாட்டில்ல இருந்து சின்ன பாட்டில்ல ஊத்தி விக்கிறது) வாங்கி ஒரு வாரம் போட்டுப் பாருங்க. கடைல அட்டைல அடிச்சு மோந்து முடிவு பண்ணாதீங்க, அந்த நேரத்துல ரம் மட்டும்தான் தூக்கலா தெரியும், கைல அடிச்சிட்டு வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்து மோந்து பாருங்க. உங்களுக்கு வறண்ட தோல்னா குளிச்ச கையோட வாசனையில்லாத லோஷனோ துளி தேங்கா எண்ணெயோ தடவிட்டு அடிங்க, இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும். அப்புறம் ஆன்லைன்ல எங்கயாவது ஃபுல் பாட்டில் 600 ரூபான்னு போட்டிருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.