புத்தகம் இணையத்தில் இருக்கிறது, வாங்குவார் இல்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெளியீட்டு விழாவில் நூறு பிரதி போய்விடும். மிச்சம் இருநூறும் பெட்டியோடு வீட்டு மூலையில். இணையத்தில் போட்டால் நகரும் என்று போட்டும் நகரவில்லை என மல்லாவியிலிருந்து வவுனியா வரை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய நூல்களில் எழுத்திலும் அச்சிலும் பெரிய குறை இல்லை. இணையக் கடைப்பக்கத்தில் அவற்றைப் பற்றி எழுதியிருக்கும் நாலு வரியில்தான் குறை இருக்கிறது.

வவுனிக்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் நீர்ப்பாசன வரலாற்றை ‘அலைகரை’ என்ற பெயரில் 300 பிரதி அச்சிட்டேன். வாட்ஸ்அப், முகநூல், டராஸ் இணையக்கடை மூன்றிலும் போட்டிருக்கிறேன். பார்க்கிறார்கள், வாங்குவதில்லை. விபரத்தில் ஒரு பேராசிரியரின் வாழ்த்துரையையே போட்டிருக்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, மல்லாவி

முதலில் மாற்ற வேண்டியது அந்த வாழ்த்துரையைத்தான். உங்கள் பக்கத்தின் முதல் மூன்று வரியில் இருப்பது ‘அன்னாரின் அயராத முயற்சி போற்றுதற்குரியது’ என்பது. கைத்தொலைபேசியில் அந்த மூன்று வரிதான் தெரியும். மீதியைப் பார்க்க ‘மேலும்’ என்பதை அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு ஒரு காரணமும் அந்த வரிகளில் இல்லை. விழா மண்டபத்தில் இருந்தவர்களுக்கு உங்களைத் தெரியும். கனடாவில் பஸ்ஸில் இருந்து பார்ப்பவருக்கு உங்களையும் தெரியாது, வாழ்த்தியவரையும் தெரியாது. இது எந்த ஊரைப் பற்றியது, தன் ஊர் இதில் வருகிறதா என்பதே அவர் தேடுவது.

அடுத்தது தலைப்பு. ‘அலைகரை’ அழகான பெயர், மாற்ற வேண்டாம். ஆனால் குளத்தடியில் வளராதவருக்கு அது ஒரு நாவலின் பெயராகவோ கடலைப் பற்றியதாகவோ தோன்றும். துணைத்தலைப்புச் சேருங்கள்: ‘அலைகரை: வவுனிக்குளத்து ஊர்களின் நீர்ப்பாசன வரலாறு’. ‘வன்னி’ என்ற சொல்லைத் தனியே நம்பியிருக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டு வாசகருக்கு வன்னி என்றால் கோயிலில் நிற்கும் மரம். தேடினால் வன்னியர் பற்றிய பக்கங்களும் வந்து குவியும். ‘இலங்கை வன்னி’ என்று சேர்த்தே எழுதுங்கள்.

விபரத்தின் தொடக்கம் இப்படி இருக்கலாம்: ‘பாலியாற்று நீர் வவுனிக்குளத்தில் தேங்கி, எந்த வாய்க்கால் வழியே எந்த ஊர் வயலுக்குப் போனது? மல்லாவி, துணுக்காய், பாண்டியன்குளம் பகுதியின் குளங்கள், வாய்க்கால்கள், தண்ணீர்ப் பங்கீட்டு முறைகள், நிலப்படங்களுடன்.’ இதன்பின் நூலில் வரும் சிற்றூர்கள், சிறுகுளங்களின் பெயர்கள் அத்தனையையும் ஒரு பந்தியாகப் போடுங்கள். கடையில் இதை யார் வாசிப்பார் என்று நினைக்கலாம். புலம்பெயர்ந்தவர் தேடுபொறியில் அடிப்பது தன் சின்னஞ்சிறு ஊரின் பெயரை. அந்தப் பெயர் உங்கள் பக்கத்தில் எழுத்தாக இருந்தால்தான் பக்கம் அவர் கண்ணில் படும்.

கடைசியில் பக்க எண்ணிக்கை, அளவு, பதிப்பு ஆண்டு, கட்டு வகை, விலை, தபால் செலவு. வாட்ஸ்அப்பில் ‘விலைக்கு உள்பெட்டிக்கு வரவும்’ என்று போட்டிருக்கிறீர்கள். விலை கேட்கக் கூச்சப்படுபவர்கள் நம்மில் நிறையப் பேர். 900 ரூபா என்றால் 900 ரூபா என்றே எழுதிவிடுங்கள். வாழ்த்துரையிலிருந்து ஒரு நல்ல வசனத்தை எடுத்து விபரத்தின் அடியில் வைக்கலாம். அதற்கு அந்த இடம் போதும்.

முகநூலில் தமிழ் சரியாகத் தெரிகிறது என்று நினைத்தேன். நண்பர் அனுப்பிய படத்தில் என் நூல் விபரம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. அச்சகத்தார் தந்த கோப்பிலிருந்துதான் எடுத்தேன்.
— புதுக்குடியிருப்பு வாசகர்

அது பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. நம் அச்சகங்களில் இன்றும் அதுதான் பெரும்பாலும் ஓடுகிறது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்த எழுத்துரு. அச்சகக் கணினியில் அது இருப்பதால் ‘அம்மா’ தெரிகிறது. கடைப்பக்கத்தில் போர்வை கழன்றுவிட, அடியில் கிடந்த எம், கே, அரைப்புள்ளி, கே, எச் வெளியே வருகின்றன. எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் குறியீட்டு முறை யூனிகோட். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாமினி–யூனிகோட் மாற்றியில் பந்தி பந்தியாக இட்டு மாற்றுங்கள்.

மாற்றியபின் மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள். ‘ர’ வரவேண்டிய இடத்தில் ‘ா’ என்ற காலை அடித்திருந்தால் அச்சில் வித்தியாசமே தெரியாது. யூனிகோட்டில் அந்தக் கால் சில இடங்களில் புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். ‘கௌரி’ என்பது ‘கெளரி’ என்று, அதாவது கெ, ள, ரி என மூன்று எழுத்தாக மாறியிருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், தேடுபொறிக்கு வேறு வேறு சொல். ‘ஸ்ரீ’ உடைந்து கிடக்கும். அதைக் கையால் மறுபடி அடித்துவிடுங்கள். முடிந்ததும் நூலின் பெயரையும் உங்கள் பெயரையும் கைத்தொலைபேசியில் புதிதாகத் தட்டித் தேடிப் பாருங்கள். பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டித் தேடினால் பிழையும் சேர்ந்தே வருவதால் சரிபோலக் காட்டும்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து விபரத்தை ஒரு படமாக ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். பார்வைக்குச் சரி, ஆனால் படத்துக்குள் இருக்கும் சொல்லைக் கடையின் தேடல் கண்டுபிடிக்கும் என்று நம்ப முடியாது.

வன்னிக் கிராமத்துச் சமையல் பற்றிய மின்னூலை அமேசனின் மின்னூல் கடையான கிண்டிலில் ஏற்றினேன். குறிச்சொற்களுக்கு ஏழு பெட்டி கேட்டார்கள். ‘சமையல்’, ‘உணவு’, ‘தமிழ்’ என்று போட்டேன். தேடினால் என் நூல் வரவே இல்லை.
— வவுனியா வாசகி

‘சமையல்’ என்று தேடினால் வருபவற்றின் நடுவே உங்கள் நூல் அடியில் போய்விடும். ஒவ்வொரு பெட்டியும் 50 குறிகள் கொள்ளும். கணினி புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணும்: ‘முல்லைத்தீவு’ நமக்கு 6 எழுத்து, அதற்கு 12. ஆகவே ஒரு பெட்டிக்கு நாலைந்து சொல் என்று கணக்கு வைத்து, ஏழையும் நிரப்புங்கள். தலைப்பில் ஏற்கனவே உள்ள சொல்லை மறுபடி போட்டு இடத்தை வீணாக்க வேண்டாம்.

உங்கள் நூலுக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. நாம் குரக்கன் என்பதைத் தமிழ்நாட்டில் கேழ்வரகு என்றும் ராகி என்றும் தேடுவார்கள். நமக்குப் பிட்டு, அவர்களுக்குப் புட்டு. மரக்கறி அங்கே காய்கறி, கச்சான் அங்கே வேர்க்கடலை. நூலுக்குள் உங்கள் சொல்லே இருக்கட்டும், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். பெட்டிகளில் அவர்களுடைய சொல்லைப் போடுங்கள். ஒரு பெட்டி ‘கேழ்வரகு ராகி புட்டு கூழ்’, இன்னொன்று ‘வேர்க்கடலை சிற்றுண்டி’ என்ற மாதிரி. இரண்டு பெட்டியை ஆங்கில எழுத்துக்கு ஒதுக்குங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் தாய்க்கு நூல் வாங்கும்போது தமிழில் தட்ட மாட்டார்கள். வன்னியை ஆங்கிலத்தில் வி-யில் தொடங்கியும் எழுதுவார்கள், டபிள்யூ-வில் தொடங்கியும் எழுதுவார்கள், இரண்டையும் போடுங்கள்.

பிற எழுத்தாளரின் பெயர், ‘இலவசம்’, ‘அதிகம் விற்பனையானது’, ‘கிண்டில்’ போன்றவை குறிச்சொல்லாகக் கூடாது. அது அமேசனின் விதி. மொழி என்ற இடத்தையும் திறந்து பாருங்கள். நீங்கள் ஆங்கிலத்திலேயே விட்டிருக்கிறீர்கள். தமிழ் நூல்களை மட்டும் வடிகட்டிப் பார்ப்பவருக்கு உங்கள் நூல் இல்லாத மாதிரிதான். வகைகள் மூன்று தெரிவு செய்யலாம். எவ்வளவு உள்ளே போய் நுணுக்கமான வகையை எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. குறிச்சொற்களையும் வகைகளையும் எப்போதும் மாற்றலாம், மாற்றம் தெரிய மூன்று நாள் வரை எடுக்கும்.

கிண்டிலுக்கு ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான சர்வதேச எண்) வேண்டுமா?
— ஒட்டுசுட்டான் வாசகர்

மின்னூலுக்குக் கட்டாயமில்லை, அமேசனே 10 இடமுள்ள தன் அடையாளத்தைக் கொடுக்கும். அச்சு நூலுக்குக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெற வேண்டும். 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். அச்சு நூலின் எண்ணை மின்னூலுக்குப் போட வேண்டாம்.

அட்டை அச்சில் மிக அழகு. கடைப்பக்கத்தில் ஒன்றும் விளங்கவில்லை.
— கிளிநொச்சி வாசகர்

கடையின் வரிசையில் அட்டை பெருவிரல் நகத்தளவுதான். மெல்லிய எழுத்துருவில் இகர ஈகாரச் சுழிகளும் புள்ளிகளும் அந்த அளவில் கரைந்துவிடும். உங்கள் அட்டைப்படத்தை 120 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, கையெட்டும் தூரத்தில் பிடித்துத் தலைப்பை வாசியுங்கள். வாசிக்க முடியாவிட்டால் மின்னூலுக்குத் தனி அட்டை செய்யுங்கள்: தடித்த எழுத்து, தலைப்பு இரண்டு வரி, பின்னணியில் ஒரே படம். உயரம் 2560, அகலம் 1600 பிக்சல். அட்டை வெள்ளை என்றால் சுற்றிவர 3, 4 பிக்சலில் சாம்பல் கோடு. இல்லாவிட்டால் வெள்ளைப் பக்கத்தில் விளிம்பு காணாமல் போகும்.

அச்சுப் பிரதியைப் படமெடுப்பதானால் விறாந்தையில், வெயில் நேரடியாக விழாத இடத்தில் எடுங்கள். பிளாஷ் வேண்டாம், பளபளப்புத் தாள் ஒட்டிய அட்டையில் வெள்ளைப் பொட்டு விழும். முன்னட்டை, பின்னட்டை, பொருளடக்கம், உள்ளே ஒரு பக்கம் என நாலு படம் போதும். பொருளடக்கப் படத்தைத் தவற விடாதீர்கள். வரலாறு, சமையல், விவசாய நூல்களை வாங்குபவர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

கிண்டிலில் ‘மாதிரி’ தரவிறக்குகிறார்கள், நூலை வாங்குவதில்லை. கதைகள் நன்றாக இல்லையா?
— செட்டிகுளம் எழுத்தாளர்

கதைகளை அவர்கள் இன்னும் பார்க்கவே இல்லை. மாதிரி என்பது நூலின் முதல் 10 வீதம். அதை நீங்கள் தெரிவு செய்ய முடியாது. உங்கள் 160 பக்க நூலில் ஆசியுரை, வாழ்த்துரை இரண்டு, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை, நன்றியுரை என 18 பக்கம் போகிறது. 10 வீதம் 16 பக்கம். நன்றியுரை நடுவிலேயே மாதிரி முடிந்துவிடுகிறது.

அச்சில் அந்த ஒழுங்கு நம் மரபு. பெரியவர்களின் ஆசியோடு நூல் தொடங்குவதில் பிழையில்லை. மின்னூலில் மட்டும் அவற்றைக் கடைசிக்கு நகர்த்துங்கள். பெயர்ப்பக்கம், பொருளடக்கம், உடனே முதற்கதை. உரை தந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது. முதற்கதையாக உங்கள் மிகச் சிறந்த கதையையே வையுங்கள், எழுதிய கால வரிசை பார்க்க வேண்டாம்.

சிறுவர் படநூல், 20 எம்.பி. விலை 4.99 டொலர். 70 வீத உரிமைத்தொகை தெரிவு செய்தேன். கைக்கு வருவது மிகக் குறைவு.
— பரந்தன் ஓவியர்

70 வீதத் திட்டத்தில் கோப்பை அனுப்பும் செலவைக் கழிப்பார்கள். அமெரிக்கக் கடையில் ஒரு எம்.பி.க்கு 15 சதம். 20 எம்.பி.க்கு 3 டொலர் போக மிஞ்சும் 1.99 டொலரில் 70 வீதம் 1.39. அதே நூலுக்கு 35 வீதத் திட்டத்தில் அனுப்பும் செலவே இல்லை, 1.75 கிடைக்கும். இந்த விலையில் கோப்பு ஏறத்தாழ 16.6 எம்.பி.யைத் தாண்டினால் 35 வீதம்தான் கூடத் தரும்.

ஆனால் கோப்பைச் சுருக்குவது இன்னும் நல்லது. படங்களை ஜேபெக் ஆக்கி, திரைக்குத் தேவையான அளவுக்குக் குறைத்து, கதை வரிகளைப் படத்துக்குள் வரையாமல் எழுத்தாக வையுங்கள். 4 எம்.பி.க்கு இறங்கினால் 70 வீதத்தில் 3.07 டொலர். நிறம் மங்குகிறதா என்று ஒவ்வொரு படத்தையும் சாதாரணக் கைத்தொலைபேசியில் பார்த்தபின் ஏற்றுங்கள். 70 வீதம் 2.99 முதல் 9.99 டொலர் வரையான விலைக்கு மட்டுமே.

அண்ணன், மச்சாள், மருமக்கள் எல்லாரும் எழுதிய மதிப்புரைகளை அமேசன் நீக்கிவிட்டது.
— மாங்குளம் வாசகர்

குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் எழுதக் கூடாது என்பது விதி. காசு கொடுத்து எழுதுவிப்பதும் கூடாது. இலவசப் பிரதி கொடுக்கலாம், மதிப்புரை எழுதியே ஆக வேண்டும் என்று கேட்கக் கூடாது. இன்னொன்று: அமெரிக்கக் கடையில் கடந்த 12 மாதத்தில் குறைந்தது 50 டொலருக்கு வாங்கியவரே அங்கே எழுத முடியும். ஊரில் உள்ள உங்கள் உண்மையான வாசகர்களில் பலருக்கு வழியே இல்லை. நூலின் கடைசிப் பக்கத்தில், கதை முடிந்த உடனேயே, ‘பிடித்திருந்தால் இரண்டு வரி எழுதுங்கள்’ என்று பணிவாகக் கேளுங்கள். ஊர் வாசகர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கருத்துகளை அவர்கள் சம்மதத்தோடு முகநூல் பக்கத்தில் போடலாம்.

தபால் செலவைப் பக்கத்தில் எப்படிக் கணக்கிட்டுப் போடுவது?
— நெடுங்கேணி வாசகி

முதலில் நிறை. ஏ5 அளவில் 160 பக்கம் என்றால் 80 தாள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) கடதாசியில் 200 கிராம், அட்டை 20 கிராம், பொதியோடு 250 என்று வையுங்கள். சமையற் தராசில் ஒருமுறை நிறுத்து உறுதிப்படுத்துங்கள். கூரியரில் பெரும்பாலும் முதல் கிலோவுக்கு ஒரே கட்டணம். ஒரு நூலுக்கும் மூன்று நூலுக்கும் ஒரே செலவு. அதனால் ‘இரண்டு நூல் வாங்கினால் தபால் செலவு இல்லை’ என்று ஒரு தனிப் பொருளாகவே பட்டியலில் போடலாம். மாரி காலத்தில் நூலைப் பொலித்தீன் உறையில் இட்டு வாயை ஒட்டி, அதன்மேல் மட்டை சுற்றுங்கள். மட்டை மட்டும் சுற்றி அனுப்பினால் மூலைகள் நனைந்து நூல் திரும்பி வரும்.