எந்த ஊர் எட்டு? பழைய சப்பாத்துக் கேள்வி பதில்

பழைய தோல் சப்பாத்துகளைப் பற்றிக் கேட்க விரும்பியதைக் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். என் அலுமாரியில் 34 சோடி இருக்கின்றன. அவற்றில் என் காலுக்குச் சரியாக வருவது ஒன்பதுதான். மிச்சம் 25 சோடியும் நான் காசு கட்டிப் படித்த பாடம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (கொக்குவில்): அண்ணை, லண்டன் மாமா பழைய சாமான் கடையில் வாங்கி அனுப்பிய சப்பாத்தில் 8 என்று போட்டிருக்கிறது. நானும் 8தான். ஆனால் சின்னவிரலைக் கடித்துக் கொல்கிறது. ஏன்?

பதில்: எந்த ஊர் எட்டு, தம்பி? இங்கிலாந்துக் கணக்கில் ஒரு எண் கூடினால் நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும், அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீற்றர். அமெரிக்கக் கணக்கிலும் படி அதேதான், தொடங்கும் இடம்தான் வேறு. ஆண்களின் அமெரிக்க 9, இங்கிலாந்து 8க்குக் கிட்ட வரும். மாமா லண்டனில் வாங்கினாலும் சப்பாத்து அமெரிக்காவில் செய்ததாக இருக்கலாம். அப்படியென்றால் அது உங்களுக்கு ஒரு அளவு சின்னது.

ஆனால் சின்னவிரலைக் கடிக்கிறது என்கிறீர்கள். எனக்கு அகலத்தில்தான் சந்தேகம். எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கிறதா பாருங்கள். இங்கிலாந்துச் சப்பாத்தில் ‘எஃப்’ சாதாரண அகலம், ‘ஈ’ ஒடுக்கம், ‘ஜி’ அகலம். அமெரிக்கச் சப்பாத்தில் ‘டி’ சாதாரணம், ‘ஈ’ அகலம். ஒரே ‘ஈ’ ஒரு நாட்டில் ஒடுக்கம், மற்ற நாட்டில் அகலம்! நாங்களோ வெறுங்காலோடும் பாட்டாவோடும் ஓடித் திரிந்து வளர்ந்தவர்கள். விரல்கள் நன்றாக விரிந்திருக்கும். சின்ன வயதிலிருந்தே சப்பாத்துக்குள் வளர்ந்த கால்களுக்காகச் செதுக்கிய கட்டையில் (சப்பாத்துத் தைக்கும் கால்வடிவ அச்சு அது) தைத்தது எங்களைக் கடிக்காமல் என்ன செய்யும்? நான் இப்போது ‘ஜி’க்குக் கீழே வாங்குவதே இல்லை.

கேள்வி (மானிப்பாய்): போட்டுப் பார்க்காமல் தூரத்திலிருந்து வாங்கும்போது எந்த அளவைப் பார்க்க வேண்டும், ஐயா?

பதில்: எல்லாரும் குதியிலிருந்து விரல் நுனி வரைக்கும்தான் அளக்கிறார்கள். அந்த அளவு அரைவாசி உண்மைதான். சப்பாத்து மடியும் இடம் ஒன்று இருக்கிறது. பெருவிரல் தொடங்கும் அந்த முட்டி மூட்டு சப்பாத்தின் மிக அகலமான இடத்தில் போய் இருக்க வேண்டும். பாதம் ஒரே நீளமாக உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு விரல் நீளம், மற்றவருக்குக் கட்டை. கட்டை விரல்காரருக்கு மூட்டு முன்னுக்கு வரும், அவருக்கு ஓர் எண் பெரிதாகத் தேவைப்படலாம். 1920களில் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் சார்ல்ஸ் பிரனொக் என்பவர் உருவாக்கிய உலோக அளவுகருவியில் இந்த மூட்டு நீளத்தை எடுப்பதற்கென்றே தனியாக ஒரு சறுக்கி இருக்கிறது.

வீட்டில் செய்வதென்றால், காலில் கொஞ்சம் வீக்கம் இருக்கும் பின்னேரத்தில், சொக்ஸ் போட்டுக்கொண்டு, கடதாசியில் நிமிர்ந்து நின்று கோடு போடச் சொல்லுங்கள். இருந்துகொண்டு போட்டால் கணக்குப் பிழைக்கும். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கே வாங்குங்கள். அனுப்புகிறவரிடம் அடித்தோலின் நீளத்தையும் மிக அகலமான இடத்தையும் கேட்டு, உங்களுக்குச் சரியாக வரும் ஒரு சப்பாத்தோடு ஒப்பிடுங்கள். முனை கூர்மையான சப்பாத்து நீளமாகத்தான் காட்டும், அதில் ஏமாந்துவிடாதீர்கள். நான் இரண்டு தரம் ஏமாந்தேன்.

கேள்வி (சாவகச்சேரி): சின்னதாக இருந்தால் இழுத்துப் பெருப்பிக்கலாமா?

பதில்: அகலத்தைக் கொஞ்சம் பெருப்பிக்கலாம். நீளம் ஒருநாளும் வராது.

கேள்வி (வட்டுக்கோட்டை): மலாயாவில் கிளாக்கராக இருந்த அப்பப்பாவின் றங்குப்பெட்டிக்குள் கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி கிடைத்தது. மகன் தன் கலியாணத்துக்குப் போட ஆசைப்படுகிறான். போடலாமா?

பதில்: முதலில், அதைத் தொலைக்காமல் வைத்திருந்ததற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு, அக்கா. 1995 ஒக்டோபரில் வலிகாமமே சண்டையால் எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது சப்பாத்தை யார் நினைத்தது? இங்கே பழைய சோடி அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உடனே மடித்துப் பார்க்க வேண்டாம். காய்ந்த தோல் படக்கென்று வெடிக்கும். ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, தோலுக்குப் பூசும் கிறீமை மெல்லியதாகத் தடவி ஒரு நாள் விடுங்கள். இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்த பிறகு விரலால் அழுத்திப் பாருங்கள். சுருக்கம் இருந்தால் பயமில்லை. தோலையே அறுத்த வெடிப்பு மடியும் இடத்தில் இருந்தால் அது கண்ணாடி அலுமாரிக்குத்தான். தோல் நல்லது, தையல் நூல் மட்டும் உக்கியிருக்கிறது என்றால் ரவுணில் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுக்கலாம்.

இன்னொன்று. உள்ளே தக்கை நிரப்பித் தைத்த சப்பாத்தென்றால் அதில் அப்பப்பாவின் பாதம் பதிந்திருக்கும். மகனின் கால் அதே வடிவமாக இருந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் பள்ளம் மேடாகக் குத்தும். அரைமணித்தியாலம் வீட்டுக்குள் நடக்கவிட்டுப் பாருங்கள். மணவறையில் எப்படியும் கழற்றத்தானே போகிறார், வரவேற்புக்குத் தாங்கினால் போதும்.

கேள்வி (பருத்தித்துறை): பத்து வருடம் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்த புதுச் சப்பாத்து. முதல் நாளே அடி பொடிப்பொடியாக உதிர்ந்தது!

பதில்: எனக்கும் இதே கதைதான். ஒரு கலியாண மண்டபத்தில் நான் நடந்த வழியெல்லாம் கறுப்புத் தூள். பின்னால் வந்த பிள்ளைகள் அதை மிதித்துக் கோலம் போட்டார்கள். குற்றவாளி பொலியூரித்தேன் அடி. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்ல உடைக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் வயது ஏறும், எங்கள் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் இன்னும் கெதியாக. பழையது வாங்குவதென்றால் தோல் அடியாகப் பாருங்கள்.

கேள்வி (நல்லூர்): மாரியில் பூஞ்சணம் பிடிக்கிறது.

பதில்: வினாகிரிக்குச் சமமாகத் தண்ணீர் கலந்து துடைத்து, நிழலில் காயவிடுங்கள். வெயில் கூடாது. உள்ளே பழைய பேப்பரை அடைத்து, கிழமைக்கொரு தரம் மாற்றுங்கள். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி.

கேள்வி (ரொறன்ரோ): ‘குட்இயர் வெல்ட்’ என்கிறார்களே, ரயர் கொம்பனியா? இங்கே என்ன பெயர்களைத் தேடலாம்?

பதில்: ரயருக்கும் இதற்கும் உறவு பெயரில் மட்டும். ரப்பரைப் பதப்படுத்திய சார்ல்ஸ் குட்இயரின் மகனுடைய பெயரில் 1870ஐ ஒட்டி வந்த தையல் இயந்திரம் இது. மேல்தோலையும் உள்ளடியையும் ஒரு தோற்பட்டியோடு தைத்து, அந்தப் பட்டியோடு அடித்தோலைத் தைப்பார்கள். அடி தேய்ந்தால் அதை மட்டும் பிரித்து மாற்றலாம். ஐம்பது வருடச் சப்பாத்து இன்றும் நடப்பது இதனால்தான்.

பெயர்கள்? இங்கிலாந்தின் நோர்த்தாம்ரன் பக்கத்தில் சேர்ச்ஸ் (1873இல் தொடங்கியது), குரொக்கெற் அன்ட் ஜோன்ஸ் (1879), லோக் (1880). சேர்ச்ஸை 1999இல் பிராடா வாங்கியது. அதற்கு முந்திய, 73ஆம் இலக்கக் கட்டையில் செய்த சோடிகளுக்குத்தான் சேகரிப்பவர்கள் அலைகிறார்கள். அமெரிக்கச் சப்பாத்தில் ஃபுளோர்ஷைமின் ‘இம்பீரியல்’ வரிசை. கல்லு மாதிரிப் பாரம், ஆனால் அழியாது. நீங்கள் இருக்கும் நாட்டிலேயே செய்த டாக்ஸ், ஹார்ட் இரண்டையும் முதலில் தேடுங்களேன், தபால் செலவாவது மிஞ்சும்.

கேள்வி (சுண்டிக்குளி): லேஸை இறுக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று முட்டுகிறது. குதியும் கழன்று கழன்று வருகிறது.

பதில்: புறங்காலில் இடம் மிஞ்சிக் கிடக்கிறது என்று அர்த்தம். நாக்குக்கு அடியில் மெல்லிய பஞ்சுத்துண்டு ஒட்டினால் கால் பின்னுக்குத் தள்ளப்பட்டுக் குதி பிடிக்கும். அதற்கும் அடங்காவிட்டால் உங்களுக்குப் பெரிய சப்பாத்துத்தான். நல்ல நிலையில் இருந்தால் அளவைச் சொல்லுங்கள், என்னிடம் இருக்கும் அந்த 25இல் ஒன்றோடு மாற்றிக்கொள்ளலாம்.